கணக்கில் வராத மறதி: அல்சைமர் நோயின் வட்டார வேறுபாடுகளும் மும்பைத் தமிழரும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால் பெண்களில் 9.0, ஆண்களில் 5.8, கிராமங்களில் 8.4, நகரங்களில் 5.3 என்று அது சிதறுகிறது. மாநிலவாரியாகத் தில்லியில் 4.5ஆக இருப்பது ஜம்மு-காஷ்மீரில் 11 வரை ஏறுகிறது. ஒரே நாட்டில், ஒரே கேள்வித்தாளைக் கொண்டு, ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட கணக்கில் இத்தனை ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்தக் கணக்கெடுப்புக்கு அடித்தளமாக அமைந்த இந்திய முதுமை நெடுங்கால ஆய்வை நடத்திய பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மும்பையில் செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் இருக்கிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர், சான்பாடா என்று அதே நகரத்தில் பரவி வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை இந்த எண்கள் சொல்வது என்ன என்பதையும் சேர்த்தே இங்கு ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மறதிநோய் அல்லது டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. நினைவு, மொழி, திசையறிவு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்குச் சரிந்துவிட்ட நிலைக்கு அது பொதுப்பெயர். அந்த நிலையை உண்டாக்கும் நோய்களில் முதன்மையானது அல்சைமர். உலக அளவில் மறதிநோயாளிகளில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அதுவே காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலாக விவரித்த அந்நோயில், மூளைச் செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. செல்களுக்கு உள்ளே டௌ என்னும் மற்றொரு புரதம் முறுக்கிய நூற்கண்டாகச் சிக்குகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதாவதால் வரும் மறதிநோய் இரண்டாவது வகை. முதியவர்கள் பலரிடம் இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதால், வீட்டுக்கு வீடு சென்று எடுக்கப்படும் கணக்கெடுப்புகளில் இவற்றைத் துல்லியமாகப் பிரிப்பது கடினம். மேலே சொன்ன 7.4 என்பதும் எல்லா வகை மறதிநோயையும் உள்ளடக்கிய எண்ணே.

வட்டார வேறுபாடு பற்றிய பேச்சுக்கு உலக அளவில் தொடக்கப்புள்ளியாக அமைந்த இந்திய ஊர் ஹரியானாவின் பல்லப்கர். தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் கிராமப்புறக் களமாகிய அங்கு, 28 கிராமங்களில் 55 வயதைக் கடந்த 5,126 பேரை, விஜய் சந்திரா, மேரி கங்குலி ஆகியோர் தலைமையிலான இந்திய-அமெரிக்கக் குழு ஆராய்ந்தது. அம்முதியவர்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறியாதவர்கள். 1998இல் வெளியான முடிவின்படி, 65 வயதைக் கடந்தோரில் அல்சைமர் நோயோடு இருந்தவர்கள் 1.07 விழுக்காடு மட்டுமே. அதுவரை உலகில் எங்கும் பதிவாகியிருந்தவற்றுள் மிகக் குறைந்த அளவுகளில் இதுவும் ஒன்று. 2001இல் அதே குழு, புதிதாக நோய் தோன்றும் வேகத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள மொனோங்கஹேலா பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டது. ஒருவரை ஓராண்டு கண்காணிப்பது ஓர் ஆள்-ஆண்டு எனப்படும். இரு ஊர்களின் வயது அமைப்பையும் சமன்செய்த பிறகு, ஆயிரம் ஆள்-ஆண்டுகளுக்குப் பல்லப்கரில் 4.7 பேருக்கும் பென்சில்வேனியாவில் 17.5 பேருக்கும் நோய் புதிதாகத் தோன்றியிருந்தது. ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபாடு!

இந்த ஒற்றை எண் உலகெங்கும் பயணம் செய்தது. இந்திய உணவு, இந்தியக் குடும்பம், இந்திய மரபணு என்று ஆளுக்கொரு காரணம் அதற்குச் சொல்லப்பட்டது. கண்காணித்த காலம் குறுகியது என்றும், பண்பாட்டுக் காரணங்கள் கண்டறிதலைப் பாதித்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்களே எச்சரித்திருந்தது மட்டும் அந்தப் பயணத்தில் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் மதுரநாத் குழுவினர் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், 65 வயதைக் கடந்தோரிடம் புதிதாக அல்சைமர் தோன்றும் வீதம் ஆயிரம் ஆள்-ஆண்டுகளுக்கு 15.54 என்று பதிவாயிற்று. இது பென்சில்வேனியாவுக்கு அருகில் நிற்கும் எண். ஹரியானாவுக்கும் கேரளத்துக்கும் இடையில் தெரியும் இடைவெளி, கேரளத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இருப்பதைவிடப் பெரிது என்றால், 'இந்தியருக்கு அல்சைமர் குறைவு' என்னும் வாக்கியத்தில் 'இந்தியர்' என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது.

இரு ஊர்களின் எண்களை அருகருகே வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அவை எதை எண்ணின என்பது. ஒரு குறிப்பிட்ட நாளில் நோயோடு இருப்பவர்களின் விகிதம் நோயிருப்பு வீதம் எனப்படும். ஒரு கால அளவில் புதிதாக நோயுற்றோரின் விகிதம் புதுநோய் வீதம் எனப்படும். தொட்டியில் நிற்கும் நீரின் மட்டத்தைக் குழாயில் வரும் நீர் மட்டும் முடிவுசெய்வதில்லை. கீழே வடியும் வேகத்துக்கும் அதில் பங்குண்டு. நோயுற்ற முதியவர் நல்ல பராமரிப்பில் பத்தாண்டு வாழும் ஊரில் நோயிருப்பு உயர்ந்தும், கீழே விழுந்தோ சளிக்காய்ச்சலிலோ படுக்கைப்புண்ணிலோ இரண்டு மூன்று ஆண்டுகளில் இறந்துவிடும் ஊரில் தாழ்ந்தும் தெரியும். ஆகவே கிராமத்தின் குறைந்த எண்ணை ஆரோக்கியத்தின் அடையாளமாக உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பராமரிப்பின்மையின் தழும்பாகவும் இருக்கக்கூடும். அதோடு, வயதான பின்பே வரும் நோய் என்பதால், அந்த வயதை எட்டுமுன்பே மாரடைப்பிலும் காசநோயிலும் பேறுகாலத்திலும் மாண்டவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் அடிப்படையானது: நோயாளி யார் என்று தீர்மானித்தது எந்த அளவுகோல்? இதற்கு விடை தமிழகத்திலிருந்தே கிடைத்தது. வளரும் நாடுகளில் வாழும் 66 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மறதிநோயாளிகளைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சி, மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்னும் அவலத்தையே தன் பெயராகச் சூடிக்கொண்ட '10/66' ஆய்வுக் குழு, சென்னை நகரிலும் வேலூர்க் கிராமங்களிலும் கணக்கெடுத்து 2008இல் முடிவுகளை வெளியிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறையைப் பயன்படுத்தியபோது வேலூர்க் கிராமங்களில் 65 வயதைக் கடந்தோரில் 0.3 விழுக்காட்டினரே மறதிநோயாளிகளாகத் தேறினர். கல்வியறிவு குறைந்த சமூகங்களுக்கென்று அக்குழுவே வடிவமைத்த அளவுகோலைப் பயன்படுத்தியபோது அதே கிராமங்களில் அந்த எண் 10.6 ஆயிற்று, சென்னையில் 7.5. அதே மக்கள், அதே வீடுகள், அதே வாரங்களில் எடுத்த அதே குறிப்புகள். எண்ணில் மட்டும் 35 மடங்கு வேறுபாடு. அல்சைமர் பற்றிய உலகப் புள்ளிவிவரங்களில் இதைவிடப் பாடம் புகட்டும் இணை வேறொன்று இருக்க முடியாது.

அந்தப் பிளவுக்கான காரணத்தை ஆய்வாளர்கள் வீட்டுக்குள் கண்டார்கள். அமெரிக்க வரையறையின்படி ஒருவரை மறதிநோயாளி என்று சொல்வதற்குச் சோதனையில் தவறுவது மட்டும் போதாது. அன்றாடப் பணிகளில் சரிவு ஏற்பட்டிருப்பதை உடனிருப்பவர் யாராவது உறுதிசெய்ய வேண்டும். வேலூர்க் கிராமத்து மருமகளிடம் அக்கேள்வியைக் கேட்டால் அவர் சரிவு எதையும் சொல்வதில்லை. ஏனென்றால் சமையல், கணக்கு, கடைக்குப் போவது எல்லாம் மாமியார் கையிலிருந்து எப்போதோ இளையவர்கள் கைக்கு மாறிவிட்டன. செய்ய வேலை இல்லாத ஒருவரிடம் வேலைத்திறன் குறைந்ததை எப்படிக் காண்பது? பெயர் மாறிப் போவதும் கேட்டதையே கேட்பதும் வயதின் இயல்பாக ஏற்கப்படுகின்றன. நெல்லைப் பேச்சில் 'ஓர்மை இல்ல' என்ற இரண்டு சொற்களில் அது முடிந்துவிடும். இந்திப் பேச்சில் அறுபதைத் தொட்டுவிட்டார் என்னும் பொருளில் 'சட்டியா கயா' என்பார்கள். இவை இரக்கமற்ற சொற்கள் அல்ல. முதுமையைக் குடும்பத்தின் நடுவே வைத்துத் தாங்கும் ஒரு வாழ்முறையின் சொற்கள். ஆயினும் நோயை நோயென்று காணவிடாத திரையும் அவையே.

மும்பையில் இந்தத் திரை இடத்துக்கு இடம் வேறு தடிப்பில் தொங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தாராவியில், ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்தெழும் வீட்டில், பாட்டி தனியே வெளியேறினாலும் சந்தில் யாராவது கைப்பிடித்து அழைத்து வந்துவிடுவார்கள். தானே கடலிடுக்கின் மேல் 1992இல் ரயில் பாதை வந்தபின் வளர்ந்த நவி மும்பையின் சான்பாடாவில், மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடும் அடுக்ககத்தில், எரிவாயு அடுப்பை அணைக்க மறந்த ஒரே ஒரு நாள் போதும், குடும்பம் மருத்துவரிடம் ஓடுவதற்கு. மூளையில் நோய் ஒரே கட்டத்தில் இருக்க, ஒரு வீட்டில் அது வயதாகவும் மற்றொரு வீட்டில் நோயாகவும் பதிவாகிறது. மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால் சான்பாடாவில் மறதிநோய் அதிகம், தாராவியில் குறைவு என்ற தவறான வரைபடம் கிடைக்கும்.

சோதனைத்தாளுக்கும் இதில் பங்குண்டு. மேலை நாடுகளில் பயன்படும் சுருக்கமான நினைவுச் சோதனை, நாள், தேதி, ஆண்டு கேட்கும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்யச் சொல்லும். எழுத்தறியாத ஒருவர் முழு அறிவோடு இருந்தும் அதில் தோற்பார். பல்லப்கர்க் குழு இதை உணர்ந்து, 1995இல் அச்சோதனையை இந்திக்கு மட்டுமல்லாமல் கிராம வாழ்க்கைக்கும் ஏற்ப மாற்றியமைத்தது. எழுத்தைப் படித்துக் கண்ணை மூடச் சொல்வதற்குப் பதிலாகச் சோதிப்பவரைப் பார்த்து அப்படியே செய்யச் சொன்னது. அன்றாடச் செயல்களை அளக்கத் தனிப் பட்டியல் ஒன்றையும் அது உருவாக்கியது. மும்பையில் தமிழ் முதியவரைச் சோதிப்பதில் மொழியே முதல் முடிச்சு. நெல்லைத் தமிழ் மட்டும் வீட்டில் பேசும் தாராவி மூதாட்டியை இந்தியிலும், பாலக்காட்டுத் தமிழ் பேசும் மாதுங்கா முதியவரை ஏட்டுத்தமிழிலும் சோதித்தால், மதிப்பெண் குறைவது மூளையாலா மொழியாலா என்று பிரிக்க முடியாது.

மும்பையைப் பற்றி இருக்கும் பெரிய கணக்கு, வாஸ், பிண்டோ முதலியோர் 2001இல் வெளியிட்டது. 40 வயதைக் கடந்த 24,488 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், 65 வயதைக் கடந்தோரில் 2.44 விழுக்காட்டினருக்கு மறதிநோயும், 1.5 விழுக்காட்டினருக்கு அல்சைமரும் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. சென்னைக்குத் தெற்கே திருப்போரூரில் ராஜ்குமார் குழுவினர் 1997இல் வெளியிட்ட கணக்கில் 60 வயதைக் கடந்தோரில் மறதிநோய் 3.5 விழுக்காடு. வயது வரம்பும் முறையும் வேறுவேறு என்பதால் இவ்விரண்டையும் கழித்துப் பார்த்து, திருப்போரூரைவிட மும்பை நகரம் மூளைக்கு நல்லது என்று முடிவுகட்டுவது பிழை.

அளவையின் குறைகள் அனைத்தையும் கழித்த பிறகும் உண்மையான வேறுபாடு எதுவும் மிஞ்சுவதில்லை என்று சொல்வதற்கில்லை. நைஜீரியாவின் இபாதான் நகரத்து யோருபா மக்களையும், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்கரையும் ஒரே குழு, ஒரே முறையில், 1992 முதல் கண்காணித்தது. 2001இல் வெளியான முடிவின்படி 65 வயதைக் கடந்தோரில் ஆண்டுக்கு இபாதானில் 1.15 விழுக்காட்டினருக்கும் இண்டியானாபொலிஸில் 2.52 விழுக்காட்டினருக்கும் அல்சைமர் புதிதாகத் தோன்றியது. முறை ஒன்றாக இருந்தும் இருமடங்கு வேறுபாடு நின்றதால், இதை வெறும் அளவைப் பிழை என்று ஒதுக்க இயலாது.

எஞ்சும் வேறுபாட்டை மரபணுவிடம் ஒப்படைப்பது எளிது. மரபணுவோ அதை முழுமையாக ஏற்பதில்லை. இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்தை உருவாக்கும் ஏப்போ-ஈ என்னும் மரபணுவுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. அவற்றுள் நான்காம் எண் இடப்பட்ட வடிவத்தைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வடிவம் பல்லப்கரில் 7.3 விழுக்காடாகவும் மொனோங்கஹேலாவில் 11 விழுக்காடாகவும் இருந்தது என்று 2000இல் வெளியான ஒப்பீடு காட்டியது. அதைச் சுமந்தவர்களுக்கு ஆபத்து இரு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கூடியது. மரபணு வேறுபாடு இருக்கிறது, அதன் விளைவும் இருக்கிறது, ஆயினும் 7.3க்கும் 11க்கும் உள்ள இடைவெளியால் நான்கு மடங்கு வேறுபாட்டை விளக்க முடியாது. இபாதானில் நிலைமை இன்னும் புதிரானது: அங்கு அந்த வடிவம் அரிதன்று, ஆனாலும் அதற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மிகவும் தளர்ந்து காணப்பட்டது. மரபணு துப்பாக்கியில் ஏற்றிய தோட்டா என்றால், விசையை அழுத்துவது வேறு ஏதோ.

அந்த 'வேறு ஏதோ' எது என்று தேடுவதற்குப் புலம்பெயர்ந்தவர்களைவிடச் சிறந்த சான்று இல்லை; மரபணுவை மாற்றாமல் ஊரை மட்டும் மாற்றியவர்கள் அவர்கள். ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானிய வழிவந்த ஆண்களிடம் 1996இல் வெளியான ஆய்வில், அல்சைமர் அளவு அக்காலத்தில் ஜப்பானில் பதிவாகியிருந்ததைவிடக் கூடுதலாகவும், ஐரோப்பிய வழியினரின் அளவுக்கு நெருக்கமாகவும் காணப்பட்டது. தமிழர்களுக்கு இன்னும் நெருங்கிய சான்று சிங்கப்பூர். அங்கு 2008இல் வெளியான கணக்கெடுப்பில், ஒரே சிறு தீவில், ஒரே மருத்துவ அமைப்பின் கீழ் வாழும் மூன்று இனத்தவரில் மலாய்க்காரரிடமும், தமிழரைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்தியரிடமும் அல்சைமர் வாய்ப்பு சீனரைவிட உயர்ந்திருந்தது. பல்லப்கரின் எண்ணைக் கொண்டு 'இந்திய மூளை' காக்கப்பட்டது என்று மகிழ்ந்தவர்கள் இந்த முடிவைப் படிக்கத் தவறிவிட்டார்கள்.

இங்கு மஞ்சளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். தமிழ்க் குடும்பங்களின் கைப்பேசிகளில் இதைவிட அதிகமாகச் சுற்றிவரும் மருத்துவச் செய்தி குறைவு. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் எலிகளின் மூளையில் அமிலாய்டு படிவதைக் குறைத்ததாகக் கலிபோர்னியாவில் நடந்த சோதனை 2001இல் வெளியாயிற்று. பல்லப்கரின் முடிவும் அதே ஆண்டில் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று கைகோத்துக்கொள்ள, இந்தியர் மஞ்சள் சாப்பிடுகிறார்கள், ஆகையால் இந்தியருக்கு அல்சைமர் இல்லை என்ற கதை பிறந்தது. சிங்கப்பூர் முதியவர்களிடம் 2006இல் நடந்த ஆய்வில் கறி உண்பவர்களின் நினைவு மதிப்பெண் சற்று உயர்ந்திருந்தது அக்கதைக்கு வலுவூட்டியது. ஆனால் அல்சைமர் நோயாளிகள் 36 பேருக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2012இல் வந்தபோது, பயன் எதுவும் தென்படவில்லை. உண்ட பொருளில் இரத்தத்தில் கலந்தது மிகச் சொற்பம். மஞ்சள் புழங்கும் கேரளத்தில் புதுநோய் வீதம் உயர்ந்து நிற்பதும், சிங்கப்பூர் இந்தியர்களின் நிலையும் சேர்ந்து இந்தக் கதையைக் கவிழ்த்துவிடுகின்றன. குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையைத் தவறவிடுவதுதான் ஆபத்து.

ஏனென்றால், ஊர்களுக்கிடையிலான உண்மையான வேறுபாட்டை விளக்குவதில் இன்று மிக வலுவாக நிற்பவை இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் காரணிகளே: நடுவயதில் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், உழைப்பின்மை, புகை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் பத்து கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது; வயதுவந்தோரில் அது 11.4 விழுக்காடு. மறுமுனையில், பொலிவியாவின் அமேசான் காட்டில் வேட்டையாடியும் பயிர்செய்தும் வாழும் சிமானே மக்களில் 60 வயதைக் கடந்தோரிடம் மறதிநோய் 1.2 விழுக்காடே என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களின் இதயக் குழாய்கள் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவானவை என்பது முன்பே அறியப்பட்டது. பல்லப்கரின் குறைந்த எண்ணில் உண்மையாக மிஞ்சும் பகுதி எதுவாயினும், ஏர் பிடித்து நடந்து வாழ்ந்த மெலிந்த உடல்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று கருதுவதே பொருத்தம். அந்தத் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது.

மகாராஷ்டிரத்துக்கு உரிய கூடுதல் காரணி ஒன்று உண்டு. பூனாவில் நடுவயது ஆண்கள் 441 பேரிடம் செய்த ஆய்வு ஒன்றின் முடிவு 2006இல் வெளியானபோது, அவர்களில் 67 விழுக்காட்டினரிடம் வைட்டமின் பி12 குறைந்திருந்தது. சைவ உணவு அதற்கு முதன்மைக் காரணம். இந்த வைட்டமின் குறைந்தால் நரம்பும் நினைவும் தளர்கின்றன. இரத்தக் குழாய்களை நலிவிக்கும் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் இரத்தத்தில் ஏறுகிறது. ஊசி மருந்தால் திருத்தக்கூடிய இந்தத் தளர்ச்சியை அல்சைமர் என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிட்டால், மாதுங்காவின் சைவக் குடும்பங்களில் அல்சைமர் மிகுதி என்ற பொய்த்தோற்றம் எழலாம். இரத்தச் சோதனை இல்லாத கணக்கெடுப்பு எதுவும் இவ்விடத்தில் தடுமாறவே செய்யும்.

கல்வியின் பங்கு இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. படிப்பு, மூளைக்கு உழைப்பு தரும் தொழில், பலரோடு பழகும் வாழ்க்கை ஆகியவை மூளைக்கு ஒரு கையிருப்பைச் சேர்த்து வைக்கின்றன. நோய் மூளையை அரித்தாலும் அந்தக் கையிருப்பு தீரும்வரை அறிகுறி வெளியே தெரிவதில்லை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கொள்கை. பெண்களிடமும் கிராமங்களிலும் மறதிநோய் கூடுதல் என்ற 2023ஆம் ஆண்டின் முடிவு இதோடு பொருந்துகிறது. இன்றைய மூதாட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட கணக்கு அது. அப்படியென்றால் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறியாத பல்லப்கரில் நோய் ஏன் குறைந்து தெரிந்தது? எழுத்தறியாமை தன்னளவில் நோயை உண்டாக்குவதில்லை; அதோடு ஒட்டிவரும் வறுமை, கவனிக்கப்படாத இரத்த அழுத்தம், பிள்ளைப்பருவத்துச் சத்துக்குறைவு ஆகியவை உண்டாக்குகின்றன; அதே வறுமை நோயாளியை விரைவில் கொன்று கணக்கிலிருந்தும் நீக்கிவிடுகிறது. இருவேறு திசைகளில் இழுக்கும் இந்த இரண்டு விளைவுகளில் எது ஓங்குகிறதோ அதற்கேற்ப எண் ஏறியும் இறங்கியும் தெரிகிறது என்பதே இருக்கும் சான்றுகளோடு மிகவும் ஒத்துப்போகும் விளக்கம்.

கையிருப்பு ஏட்டுப் படிப்பால் மட்டும் சேர்வதில்லை என்பதற்கு ஐதராபாத் சான்று தந்தது. அங்குள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் நினைவு மருத்துவப் பிரிவில் பதிவான 648 மறதிநோயாளிகளைச் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட நான்கரை ஆண்டு பின்தள்ளியே நோய் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இவ்வேறுபாடு நின்றது. முன்பு கனடாவின் டொரன்டோவில் 184 நோயாளிகளிடம் இதே போன்ற முடிவு கிடைத்தபோது, அங்கு இருமொழியாளர் பலர் குடியேறியவர்கள் என்பதால் காரணம் மொழியா குடியேற்றமா என்ற ஐயம் இருந்தது. பிறந்த ஊரிலேயே தெலுங்கும் உருதும் கலந்து பேசும் ஐதராபாத்தில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் இந்தி, அலுவலகத்தில் மராத்தியும் ஆங்கிலமும் என்று நாளுக்குப் பத்துமுறை நாக்கை மாற்றும் மும்பைத் தமிழருக்கு இந்த முடிவு நேரடியாகப் பொருந்தக்கூடியது. எனினும் அந்நன்மை எல்லோருக்கும் சமமாகக் கிட்டியிருக்காது. வேலைக்குச் சென்ற ஆண் நான்கு மொழி கற்ற காலத்தில், வீட்டையும் தெருவையும் தாண்டாத அவர் மனைவி ஒரு மொழியோடு நின்றிருந்தால், ஒரே கூரையின் கீழ் இருவேறு கையிருப்புகள்.

காற்றும் இப்போது பட்டியலில் இருக்கிறது. மறதிநோய்த் தடுப்புக்கான லான்செட் ஆணையம் 2020இல் காற்று மாசையும் தவிர்க்கக்கூடிய காரணிகளுள் சேர்த்தது. 2024இல் அப்பட்டியல் 14 காரணிகளாக விரிந்தபோது, அவை அனைத்தும் நீங்கினால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. 1950களிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை அருகில் கொண்டிருக்கும் செம்பூர்-மாஹுல் பகுதியும், 1927 முதல் நகரத்தின் குப்பையைச் சுமந்து, அவ்வப்போது தீப்பற்றிப் புகையும் தேவ்னார்க் குப்பை மேடும், மும்பைத் தமிழர் அடர்ந்து வாழும் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே உள்ளன. நாட்டின் முதுமை ஆய்வை வழிநடத்தும் நிறுவனமும் அதே காற்றின் எல்லைக்குள் இருக்கையில், அங்கேயே பிறந்து முதிர்ந்தவர்களின் நினைவை அளந்து தொடர்வது தொலைதூரக் கனவாக இருக்க வேண்டியதில்லை.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 45 வயதைக் கடந்த பத்தாயிரம் கிராமத்தாரைப் பல ஆண்டுகள் கண்காணிக்கும் திட்டத்தை 2018இல் தொடங்கியது. பெங்களூர் நகரவாசிகளை அதே முறையில் கண்காணித்து ஒப்பிடும் இணைத்திட்டமும் அதற்கு உண்டு. மும்பைத் தமிழர் விஷயத்தில் அவ்வமைப்பை இன்னும் கூர்மையாக்க முடியும். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் ஊர்களில் தங்கிவிட்டவர்கள், அதே குடும்பங்களிலிருந்து தாராவிக்கு வந்து உழைத்தவர்கள், அவர்கள் பிள்ளைகளாகப் படித்துச் சான்பாடாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்று மரபணு ஒன்றாகவும் காற்றும் உணவும் கல்வியும் மொழியும் வேறாகவும் உள்ள மூன்று குழுக்கள் ஒரே உறவுக் கொடியில் கிடைக்கின்றன. ஹவாயில் ஜப்பானியரை வைத்துக் கேட்ட கேள்வியைத் தமிழில் கேட்பதற்கு இதைவிட வாய்ப்பான இடம் அரிது.

அப்படியோர் ஆய்வு எதிர்கொள்ள வேண்டிய பெரிய தடை மருத்துவம் சார்ந்ததன்று. உழைத்து முடித்த மும்பைத் தமிழர் பலர் முதுமையில் ஊர் திரும்புகிறார்கள். நோய் தலைகாட்டிய பின், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அனுப்பப்படுகிறவர்களும் அவர்களில் உண்டு. முட்டையிட்டு மாளப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் சால்மன் மீனின் பெயரால் இந்தச் சாய்வைக் கொள்ளைநோயியல் குறிப்பிடுகிறது. அதன் விளைவாக நகரத்தின் எண் குறைந்தும் கிராமத்தின் எண் கூடியும் தெரியும். எதிர்த்திசையிலும் பயணம் உண்டு: கணவர் இறந்தபின் ஊரில் தனியே தடுமாறிய தாயைச் சான்பாடா மகன் அழைத்து வந்து வைத்துக்கொள்ள, கோவில்பட்டிப் பக்கத்தில் தொடங்கிய மறதி நவி மும்பையின் கணக்கில் ஏறுகிறது. ஆகவே கணக்கெடுப்பாளர் கையிலுள்ள தாளில் இப்போதைய முகவரிக்குக் கீழே இன்னொரு கேள்வி இடம்பெற வேண்டும்: மறதி முதலில் தெரிந்தபோது அவர் எந்த ஊரில், யாரோடு, எந்த மொழி பேசிக்கொண்டு இருந்தார்?